ரீட்டா கல்யாணத்துப் பன்றி

சவரி அந்தக் கொழுப்பை இரண்டு கையிலும் ஏந்தி எங்களிடம் காட்டினான்.

நன்றாக வளர்ந்த பன்றியின் முதுகுக் கொழுப்பு வெள்ளை வெளேரென்று கட்டியாக நிற்கும். இது நிற்கவில்லை. அவன் விரல் இடுக்கில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நிறமும் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது, பெட்ரோமாக்ஸ் விளக்கு வேறு எரிந்தது. விளக்கு வெளிச்சத்தில்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்து அதைத் தள்ளி வைத்துப் பார்த்தோம். அப்போதும் மஞ்சள்தான்.

“இன்னா யக்கா, காச்சல் கண்ட பன்னியா இது?” என்று கேட்டான் சவரி.

“வாய அலம்புடா. நேத்து சாயங்காலம் வரிக்கும் கொட்டாய் கதவ முட்டிகினு இருந்திச்சி. காச்சலாம் காச்சல்,” என்றார் என் வீட்டுக்காரர்.

சவரி செங்கல்பட்டிலிருந்து வருகிறவன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணம், பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்கிற நாள், கிறிஸ்துமஸ் எது வந்தாலும் கத்திகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வந்துவிடுவான். அறுப்பதும் அவன்தான், அறுத்ததைச் சமைப்பதும் அவன்தான். முந்தின நாளே பன்றிக்குத் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்கச் சொல்லுவான். வெந்நீர் போடுவது என் பொறுப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்ததை ஊற்றினால் மயிர் தோலோடு இறுகிவிடும், அப்புறம் கொட்டாங்குச்சியால் எவ்வளவு சுரண்டினாலும் வராது. தொட்ட கையை உடனே இழுத்துக்கொள்கிற சூடு போதும்.

அறுக்கிற நேரத்தில் நான் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். சத்தம் அடங்கின பிறகுதான் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவேன். வளர்த்தவளுக்கு அந்தச் சலுகை உண்டு என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அன்றைக்கு எங்கள் ரீட்டாவுக்குக் கல்யாணம். ரீட்டா என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. தாயும் தகப்பனும் இல்லாததால் அண்ணன் எடுத்துச் செய்கிற கல்யாணம். காலையில் மாதா கோவிலில் பூசை, மதியம் எங்கள் வீட்டுப் பந்தலில் விருந்து. விருந்துக்கு என்று வேறு கறி எதுவும் வாங்கவில்லை. சவரியின் கையில் வழுக்கிக்கொண்டிருந்த இந்தப் பன்றிதான்.

யோசனை அவருக்கு, சாணி எனக்கு

போன வாரம் கிணறு வெட்டின கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, சிறுசேரியில் வேலை பார்க்கும் என் மகன் போன் செய்தான். “கெணறு வரைக்கும் சரிம்மா. பன்னி மேட்டர எழுதாத. ஆபீஸ்ல எல்லாரும் படிக்கிறாங்க,” என்றான். அவன் படித்த இன்ஜினீயரிங் படிப்பில் பாதி அந்தப் பன்றிகள் போட்ட பிச்சை. அதனால் எழுதத்தான் போகிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் என்று ஞாபகம். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், ஊரைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. பக்கத்தில் வீடு கிடையாது, சுற்றிலும் சவுக்கும் முள்ளுக்காடும். என் வீட்டுக்காரருக்கு மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லேத் வேலை. கம்பெனி பஸ்ஸில் போவார், ஷிப்டு முடிந்து வந்து தூங்குவார். தூங்குகிற நேரம் போக மிச்ச நேரத்தில் யோசனை செய்வார். அப்படி ஒரு நாள் வந்த யோசனைதான் வெள்ளைப் பன்றி. யோசனை அவருக்கு, சாணி அள்ளுவது எனக்கு. எங்கள் குடும்பத்தில் வேலைப் பங்கீடு என்றைக்கும் அப்படித்தான்.

அரசுப் பண்ணையிலிருந்து குட்டிகள் வந்தன. ஊரில் அதற்குச் சீமைப் பன்னி என்று பெயர். நானும் அதுவரை பன்றி என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள்தான். வளர்த்த பிறகுதான் தெரிந்தது, படுக்கிற இடத்தை அசிங்கம் செய்யாத பிராணி அது. கொட்டகையில் ஒரு மூலையை அதற்கென்று அதுவே ஒதுக்கிக்கொள்ளும். என் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தீனிக்கு மாமல்லபுரத்து ஓட்டல்களில் மிஞ்சுகிற சோறு. சீசனில் வெள்ளைக்காரர்கள் வந்தால் டிரம் டிரம்மாகக் கிடைக்கும், ரொட்டி, நூடுல்ஸ் என்று எங்கள் பிள்ளைகள் பார்க்காததையெல்லாம் பன்றிகள் தின்னும். கோடை வந்தால் டிரம் காலி. அப்போது தவிட்டையும் புண்ணாக்கையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த மாதங்களில் பன்றிகளின் இடுப்பெலும்பு தெரிய ஆரம்பிக்கும்.

கூடைக்காரி

அப்படி ஒரு கோடையில்தான் கன்னியம்மா வந்தாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம் அவள் ஊர். புருஷன் கட்டுமரத்தில் போவான். கரைக்கு வருகிற மீனை எடுத்துக் கூடையில் வைத்து, வழியெல்லாம் விற்றுக்கொண்டே உள்ளே வருவாள். மீன் கூடையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், அதனால் நடைதான். எங்கள் வீடு அவளுக்குக் கடைசி வீடு.

முதல் நாளே சண்டை. நேற்றைய மீன் என்றேன் நான்.

“செவுளத் தூக்கிப் பாரு யக்கா. நேத்து மீனுன்னா என் மூஞ்சில வீசு,” என்றாள்.

தூக்கிப் பார்த்தேன். நேற்றைய மீன்தான். அவள் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

“சரி, நேத்து மீனுதான் வெச்சிக்கயேன். ஆனா நேத்து சாயங்காலத்து மீனு,” என்று சொல்லிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அந்த மீனை வாங்கினேன். அன்றையிலிருந்து மதியச் சோறு அவளுக்கு என் வீட்டில்தான். எனக்கோ பேச ஆள் கிடையாது. வீட்டுக்காரர் ஷிப்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம், ரீட்டா டைப்ரைட்டிங் வகுப்பு. சாப்பிட்டு முடித்ததும் கன்னியம்மா கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு குப்பத்துச் செய்தி முழுக்கச் சொல்லுவாள். நான் சாணி வழித்துக்கொண்டே கேட்பேன். அந்தச் செய்தியில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பது தினம் மாறும். முந்தின நாள் அவள் திட்டித் தீர்த்த ஓரகத்தி மறுநாள் தங்கமாகிவிடுவாள்.

விற்காமல் நசுங்கிப்போன பொடி மீனைப் பன்றிகளுக்குப் போட ஆரம்பித்தது அவள்தான். “இத்தத் தூக்கிகினு திரும்பிப் போவ சொல்றியா? இதுங்களாவது துன்னட்டும்,” என்று காரப்பொடி மீனையும் மத்தியையும் தொட்டியில் கவிழ்த்தாள். பன்றிகள் ஒன்றை ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு தின்றன. மாதம் திரும்புவதற்குள் முதுகு உருண்டுவிட்டது.

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தீனியில் மீன் தூள் சேர்த்தால் நல்லது என்று அவர் எங்கேயோ படித்திருந்தாராம். “தூளே சேக்கச் சொல்றாங்க. நாம மீனாவே போடறோம்,” என்று கம்பெனியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

வளர்ந்த பன்றிகளைக் கேரளாவுக்கு ஏற்றுகிற ஒரு வியாபாரி வருவார். மீன் போட ஆரம்பித்த பிறகு அவர் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டார். பன்றியின் மேல் குனிந்து மோந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், விலையைக் குறைப்பார். விலையைக் குறைக்க எப்படியெல்லாம் நடிக்கிறான் பார் என்று நாங்கள் அவர் போன பிறகு சிரித்தோம். மீன் தின்ற பன்றிகளில் வீட்டுக்கென்று நாங்கள் ஒன்றையும் அறுக்கவில்லை. எல்லாம் லாரியில் போயின. அதனால் அவர் எதற்கு மோந்து பார்த்தார் என்று எங்களுக்குத் தெரிய வழியில்லாமல் போயிற்று.

கன்னியம்மாவின் மொய்

ரீட்டாவுக்கு வரன் அமைந்ததும் ஒரு கடாப் பன்றியைக் கல்யாணத்துக்கென்று ஒதுக்கினோம். சின்னக் குட்டியிலேயே காயடித்தது, அதனால் கறியில் கவிச்சி இருக்காது.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், பெண் பார்க்க வந்த அன்றே பெண்ணை விட்டுவிட்டுக் கொட்டகையை நன்றாகச் சுற்றிப் பார்த்தார். “விருந்துக்கு உங்க வீட்டுப் பன்னிதானே?” என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி ஆமாம் என்றார். நாக்கு வளர்த்த மனிதருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஒதுக்கின பன்றிக்குக் கழிச்சல் கண்டது. மருந்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டாலும் பாதியாக இளைத்துவிட்டது. கல்யாண நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ரீட்டா தினம் காலையில் கொட்டகைக்கு வந்து அதை எட்டிப் பார்ப்பாள்.

“கறி பத்தலைன்னா அந்தப் பெரியப்பா ஆயுசுக்கும் சொல்லிக் காமிப்பாரு அண்ணி,” என்று அவளுக்குக் கவலை.

கன்னியம்மாவும் பார்த்தாள். “இன்னா யக்கா, கல்யாணப் பன்னி இப்டி வத்திப்போய்க் கீது?” என்றாள். அப்புறம், “நீ வுடு. நா பாத்துக்கறேன்,” என்றாள்.

மத்தி அள்ளிக்கொண்டு விழுந்த சமயம் அது. கரையில் குவித்துக் காய வைத்திருப்பார்கள், கேட்க ஆள் இருக்காது. விற்கிற கூடை தலையில், இன்னொரு கூடை நிறைய மத்தி இடுப்பில், அதைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினம். வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

“இந்தப் பேஜாரு உனக்கு எதுக்கு?” என்று கேட்டேன்.

“மொய் வெக்க எங்கிட்ட இன்னா கீது? நீ சொந்தக்காரங்கள எல்லாம் கூப்புடுவ. ஒருத்தி கொடம் வெப்பா, ஒருத்தி குத்துவெளக்கு வெப்பா. நா இன்னாத்த வெப்பேன்? ரீட்டா பொண்ணுக்கு இதான் என் மொய். எப்டிக் கொழுக்க வெக்கிறேன் பாரு.”

சொன்னபடி கொழுக்க வைத்தாள். பன்றி பளபளவென்று ஆயிற்று. அவள் குரல் கேட்டாலே எழுந்து கதவுக்கு வந்துவிடும். “துன்னு ராசா, துன்னு,” என்று காதைத் தடவிக்கொண்டே போடுவாள். எனக்குக்கூட லேசாகப் பொறாமை.

“நா பன்னி துன்னதே இல்ல யக்கா,” என்றாள் ஒரு நாள். “எங்க வூட்ல தெரிஞ்சா வெளில குந்த வெச்சிடுவாங்க. ஆனா இத்த மட்டும் துன்னுவேன். எங் கையால வளந்தது.”

அடுப்பில் ஏறினபோது

இப்போது மறுபடி அந்த விடிகாலைக்கு வருகிறேன்.

கொழுப்பைப் பற்றிச் சவரி அதற்கு மேல் பேசவில்லை. துண்டு போட்டான், கழுவினான், இஞ்சி பூண்டு அரைத்ததைப் பிசைந்து வைத்தான். அதுவரை ஒன்றும் தெரியவில்லை. பெரிய சட்டியில் கறியைக் கொட்டிச் சூடு ஏறினதும் எழுந்தது பாருங்கள் வாடை. மீன் குழம்பு வாடைகூட இல்லை. கருவாடு காய்கிற களத்தில், மத்தியான வெயிலில் நிற்கிற மாதிரி இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். தலையில் அடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “மோந்து மோந்து பாத்தானே அந்தக் கேரளாக்காரன்,” என்றார்.

“மசாலா ஏத்தினா அடங்கிடும் அண்ணே,” என்றான் சவரி. மிளகு போட்டான், வினிகர் ஊற்றினான், இன்னும் பூண்டு உரிக்கச் சொன்னான். அடங்கவில்லை. கோழிக்கு ஆள் அனுப்பினோம். முகூர்த்த நாள் என்பதால் கடைகளில் எல்லாம் போய்விட்டிருந்தது. கிடைத்தது பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மேசைக்கு மட்டுமே வரும்.

இதற்குள் கோவில் மணி அடித்துவிட்டது. அழைத்த ஜனங்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? இதையே போடுவது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் கன்னியம்மா பின்பக்கமாக வந்தாள். மாம்பழ நிறத்தில் புதுப் புடவை, முகம் நிறையப் பவுடர், தலை நிறையக் கனகாம்பரம். கையைப் பிடித்துக்கொண்டு மகள் வள்ளி, அப்போது சின்னப் பெண். சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று மூச்சை நன்றாக இழுத்தாள்.

“வாசன தூக்குது யக்கா,” என்றாள்.

அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மீனோடு இருக்கிறவளுக்கு அந்த வாடை எப்படித் தெரியும்? பன்றிக்கறி எப்படி மணக்க வேண்டும் என்றும் தெரியாது, தின்றதே இல்லையே.

அங்கேயே சொல்லியிருக்கலாம். தலையில் அடித்துக்கொண்டிருப்பாள், அழுதிருப்பாள், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கூட இருப்போம். அந்தப் பவுடர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. எப்படியாவது அவளுக்குத் தெரியாமலே இந்த நாளை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

“நீ இரு. கடைசிப் பந்தியில என்கூட சாப்புடலாம்,” என்றேன்.

“கடைசிப் பந்தியா? மொய் வெச்சவ மொதப் பந்தில குந்துவா,” என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள்.

முதல் பந்தி

போய் உட்கார்ந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பக்கத்து இலையில்.

சோறு வந்தது, கறி வந்தது. என் வீட்டுக்காரரே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினார். பெரியப்பா ஆசையாக ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, பந்தல் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

“என்னங்க இது, பன்னி கடல்ல நீந்திட்டு வந்துச்சா?”

அந்த வரிசையே சிரித்தது.

கன்னியம்மாவுக்கு அது பாராட்டாகப் பட்டது. குனிந்து, அவர் முகத்தைப் பார்த்து, “கடல்ல நீந்தல அண்ணாத்த. கடலே அதாண்ட வந்திச்சி,” என்றாள். “தெனம் ஒரு கூடை மத்தி. நாந்தான் தூக்கியாந்து போட்டேன். என் மொய்யி அது.”

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. எதிர் வரிசையிலும் சிரித்தார்கள். தன்னால்தான் பந்தல் இவ்வளவு கலகலப்பாக இருக்கிறது என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். எங்கே யக்கா என்று திரும்பி என்னைத் தேடினாள், என்னோடும் அந்தச் சந்தோஷத்தைப் பங்கு போட்டுக்கொள்ள. பந்தல் காலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். நான் சிரிக்கவில்லை.

“அப்ப மீன வறுத்துப் போட்டிருக்கணும்மா. நாத்தமாச்சும் போயிருக்கும்,” என்றார் பெரியப்பா.

அவர் கெட்ட மனிதர் இல்லை, சொல்லிவிடுகிறேன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

கன்னியம்மா அப்போதுதான் இலைகளைப் பார்த்தாள். பெரியப்பாவின் இலையில் கறி ஓரமாக ஒதுங்கியிருந்தது. அடுத்த இலையிலும் அப்படியே, எதிர் வரிசையிலும் அப்படியே. சிலர் முந்தானையை மூக்கில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு இலையாக அவள் கண் போய்க்கொண்டே இருந்தது. சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கண் மட்டும் வேறு மாதிரி ஆயிற்று.

“கன்னியம்மா, சும்மா சாப்புடு,” என்றார் என் வீட்டுக்காரர். மெதுவாகத்தான் சொன்னார். அவர் பாவம், அவமானத்தில் வெந்துகொண்டிருந்தார்.

அவள் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். இலையில் இருந்த கறி முழுவதையும் தின்றாள். “இன்னும் போடு அண்ணாத்த,” என்றாள். போட்டார். அதையும் தின்றாள். பந்தியில் மற்றவர்கள் ரசத்தையும் மோரையும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். வள்ளி, “யம்மா, வாமா,” என்று கையைப் பிடித்து இழுத்தது. வரிசையில் எல்லா இலையும் மூடிக் கிடக்க, அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து, எலும்பைக்கூட விடாமல், மூன்றாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றாள். ருசித்துத் தின்னவில்லை. ஒரு வேலையை முடிப்பது போலத் தின்றாள்.

அவள் கை கழுவப் போனபோது பின்னாலேயே ஓடினேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஈரம் மட்டும் இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

மிச்சக் கறி

மிச்சம் இருந்த கறியை அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். என் வீட்டுக்காரர் மண் தள்ளினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வளர்த்த பிராணியை அறுப்பதற்கு மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ள எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. நாலு பேர் வயிறார உண்பார்கள் என்பதுதான் அது. அந்தப் பன்றிக்கு அதுகூட இல்லாமல் போயிற்று. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ரீட்டா அழுதுகொண்டே புருஷன் வீட்டுக்குப் போனாள். எல்லாப் பெண்களும் அழுவதால் யாரும் காரணம் கேட்கவில்லை. அவள் பயந்தபடியே பெரியப்பா ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். போகப் போக அவளும் அதில் சேர்ந்து சிரிக்கப் பழகிக்கொண்டாள். கல்யாணம் என்னவோ நன்றாகத்தான் அமைந்தது.

கன்னியம்மா வரவில்லை. மறுநாள் வருவாள் என்று பார்த்தேன், அந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். மதியத்தில் ஒரு ஆள் சோறு கூடுதலாக வடித்துவிட்டுப் பன்றிக்குப் போட்டேன்.

பிறகு நானே குப்பத்துக்குப் போனேன். கரையில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். “வா யக்கா,” என்று பாய் விரித்து உட்கார வைத்தாள். மழை, மீன் விலை, வள்ளியின் பள்ளிக்கூடம், ஓரகத்தி என்று எல்லாம் பேசினாள். கல்யாணத்தை மட்டும் தொடவில்லை. ஏன் வருவதில்லை என்று நான்தான் கேட்டேன்.

“முட்டி வலி யக்கா. அவ்ளோ தூரம் நடக்க முடில.”

“அன்னைக்கு நடந்ததுல உன் தப்பு ஒண்ணும் இல்ல கன்னியம்மா. எங்களுக்கே தெரியாது.”

“எது யக்கா?” என்று கேட்டாள். கருவாட்டை விட்டு நிமிரவே இல்லை.

அவள் திருக்கழுக்குன்றம் சந்தை வரைக்கும் கூடை தூக்கிக்கொண்டு நடக்கிறாள் என்று சவரி பிற்பாடு சொன்னான். எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

மீன் போடுவதை நிறுத்திவிட்டோம். தவிடும் புண்ணாக்கும் மட்டும் போட்டதில் கொழுப்பு வெள்ளையாகத் திரும்பியது. கேரளா வியாபாரி மோந்து பார்ப்பதை விட்டார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அறுத்த கறியைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் மெச்சினார்கள், பெரியப்பா உட்பட. நான் என் இலையில் விழுந்த கறியை ஓரமாக ஒதுக்கினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சவுக்குத் தோப்பெல்லாம் மனையாக மாறியது. மறைமலைநகரிலும் சிறுசேரியிலும் வேலை பார்க்கிறவர்கள் வந்து வீடு கட்டினார்கள். பன்றி நாற்றம் என்று புகார் போயிற்று. கொட்டகையை இடித்தோம். எனக்கும் வயதாகிவிட்டது, அதைப் பற்றிப் பெரிய வருத்தம் இல்லை. என் வருத்தம் எல்லாம் அந்தச் சுவரில் சாய்ந்து பேசினவளைப் பற்றித்தான்.

வள்ளி கல்யாணம்

கொட்டகையை இடித்த மறு வருஷமோ என்னவோ, ஒரு நாள் கன்னியம்மா தன் புருஷனோடு வந்தாள். தாம்பூலத் தட்டு, பத்திரிகை எல்லாம் முறையாகக் கொண்டுவந்திருந்தாள். வள்ளிக்குக் கல்யாணம். “அண்ணனும் நீங்களும் அவசியம் வரணும்,” என்றாள். என்னிடம் அவள் “நீங்க” போட்டுப் பேசியது அதுதான் முதல் தரம். காப்பி போடுகிறேன் என்றேன், இன்னும் நாலு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அழைத்துவிட்டாள் இல்லையா, அப்படியென்றால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். வள்ளிக்குப் பட்டுப் புடவை எடுத்தேன். வழியெல்லாம் என் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டே போனேன். முதல் பந்தியில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பிடப் போகிறேன் என்றேன்.

குப்பத்தில் கடலைப் பார்த்துப் பெரிய பந்தல். எண்ணெய்ச் சட்டியில் வஞ்சிரம் வறுபட்டுக்கொண்டிருந்தது, பெரிய அண்டாவில் இறால் வெந்துகொண்டிருந்தது. கன்னியம்மா எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். பந்தலுக்குள் விடவில்லை. “இப்டி வாங்க யக்கா,” என்று பக்கத்தில் தன் தம்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுத்தமாகக் கழுவிவிட்ட ஒரு அறை. மின்விசிறி ஓடியது. ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் இலை போட்டிருந்தது, பக்கத்தில் ஒரு புது எவர்சில்வர் கேரியர்.

“திருக்கழுக்குன்றம் ஓட்டல்லேர்ந்து வாங்கியாந்தது யக்கா. மட்டன்,” என்றாள். தம்பி பெண்டாட்டி திருப்போரூர்ப் பெண், மீன் தொழிலில் இல்லாதவள், அவள்தான் பரிமாறுவாள் என்றாள். “எங்க வூட்டுப் பாத்திரம் ஒண்ணும் படல. நா தொடவே இல்ல. நம்பி சாப்புடுங்க.”

“எனக்கு எதுக்குடி ஓட்டல் கறி? பந்தல்ல வந்து உன்கூட மீன் சாப்புடறேன்.”

“வேணாம் யக்கா. கல்யாணச் சாப்பாடு. மீன் நாத்தம் வேணாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று எத்தனையோ நாளாக யோசித்து, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனேன். பிடிபடாமல் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். “குந்துங்க யக்கா, ஆறிடப் போவுது,” என்று சொல்லிவிட்டு, பந்தலின் புகை எங்கள் பக்கம் வராதபடி கதவை நன்றாக இழுத்துச் சாத்திக்கொண்டு போனாள்.

தம்பி பெண்டாட்டி பரிமாறினாள். வெளியே பந்தி போட்டுவிட்ட சத்தம் கேட்டது. சாத்தின கதவின் அடியில் வஞ்சிரம் வறுக்கிற வாசனை வந்துகொண்டே இருந்தது. எனக்கு அந்த மீனுக்குத்தான் பசித்தது.